மாட்டு மாத்திரையும் அம்மாவின் கீமோவும்

அம்மாவின் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோவோடு சேர்த்து நீங்களாகக் கொடுத்துவரும் ஃபென்பெண்டசோல், ஐவர்மெக்டின் என்ற புழு மாத்திரைகள் இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். கீமோவை அல்ல. படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. நிறுத்தினால் நோய் முன்னைவிட வேகமாகக் கிளம்பும் என்று உங்கள் மாமா அனுப்பிய வாட்ஸ்ஆப் ஆடியோ மிரட்டுகிறது, இல்லையா? கட்டியை அந்த மாத்திரைகள் பிடித்து வைத்திருந்தால்தானே, விட்டதும் கிளம்புவதற்கு?

உசிலம்பட்டியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதத்தில் ஒரு பக்கம் முழுக்க அம்மாவின் தொந்தரவுகள். முடி கொட்டுகிறது, நகம் கறுக்கிறது, நாக்கில் ருசி இல்லை, ஊசி போட்ட அன்று சிறுநீர் சிவப்பாகப் போகிறது. எல்லாமே கீமோவால் வருபவை. அம்மாவுக்குப் போடும் டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தே சிவப்பு நிறம்தான். அது சிறுநீரில் இறங்கி, ஓரிரு நாளில் தெளிந்துவிடும். ரத்தம் இல்லை. முடி திரும்ப வளரும். இவற்றுக்காக ராத்திரியில் கூகுளைத் தோண்டாமல் தூங்குங்கள்.

விஷயம் கடைசி மூன்று வரியில் இருக்கிறது. மாட்டு மருந்துக் கடையில் வாங்கிய 1.5 கிராம் ஃபென்பெண்டசோலை ஏழாக உடைத்து வாரத்தில் மூன்று நாள்; கூடவே ஐவர்மெக்டின் 12 மில்லிகிராம் தினமும்; ஐந்து வாரமாக. புற்றுநோய் டாக்டரிடம் சொல்லவில்லை, சொன்னால் கீமோவை நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

நிறுத்த மாட்டார். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் விட்டால்தான் கீமோ கெடும். எப்படியென்று சொல்கிறேன்.

டாக்சோரூபிசினை உடம்பிலிருந்து வெளியேற்றுவது கல்லீரல். அதனால்தான் ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் ரத்தத்தில் பிலிருபின் (காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமி) பார்க்கிறார்கள். அது 1.2-ஐத் தாண்டினால் மருந்தின் அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும். 3-ஐத் தாண்டினால் கால் பங்குதான். அடுத்து வரப்போகும் பாக்ளிடாக்செல் என்ற கீமோ மருந்தும் கல்லீரலை நம்பியதே. ஃபென்பெண்டசோல் சாப்பிட்ட புற்றுநோயாளிகளுக்குக் கல்லீரல் வீங்கியதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. மாத்திரையை நிறுத்தியதும் தேறியிருக்கிறார்கள். அம்மாவின் பிலிருபின் ஏறினால் டாக்டர் என்ன நினைப்பார்? நோய் கல்லீரலுக்குப் பரவியதோ, பழைய ஹெபடைடிஸ் பி தலைதூக்கியதோ, பித்தக்கல்லோ, கீமோவே ஒத்துக்கொள்ளவில்லையோ என்று ஸ்கேனுக்கு மேல் ஸ்கேன் எடுப்பார். மாட்டு மாத்திரை அவர் கணக்கிலேயே இருக்காது. முடிவில், வேலை செய்துகொண்டிருந்த மருந்து பாதியாகும், அல்லது மூன்று வாரம் தள்ளிப்போகும். கெடுத்த மாத்திரை வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கும்.

ஆகவே நீங்கள் முக்கியமாகக் கண்காணிக்க வேண்டியது மஞ்சள்காமாலை. அது முதலில் கண்ணில் தெரியாது, சிறுநீரில் தெரியும். காலையில் முதல் சிறுநீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். ஊசி போட்ட ஓரிரு நாள் வரும் சிவப்பை விடுங்கள். காபி டிக்காஷனைப் போல் பழுப்பாக இருந்தால், நாலைந்து டம்ளர் தண்ணீர் குடிக்க வைத்து மறுபடி பாருங்கள். மதுரை வெயிலில் தண்ணீர் போதாமல் மஞ்சளாகப் போவது சகஜம். அது தண்ணீருக்கு வெளுத்துவிடும். காமாலை வெளுக்காது, உள்ளாடையில் கறைபடும். பிறகு அம்மாவை வாசலுக்கு அழைத்து வந்து, பகல் வெளிச்சத்தில் கீழ் இமையை இழுத்து வெள்ளை விழியைப் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் ஏமாந்துபோவீர்கள். உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெளுத்துப்போதல், சோற்றைக் கண்டாலே குமட்டல் ஆகியவை கூட வந்தால் அன்றைக்கே கீமோ கொடுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பகலில் தூங்கி ராத்திரி விழித்திருக்கிறார், பேச்சு குழறுகிறது, ஆளை மாற்றிக் கூப்பிடுகிறார் என்றால் விடியும் வரைக்கும் காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டுப் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

காமாலை என்றதும் வேர் கட்டவும் கீழாநெல்லி அரைக்கவும் யாராவது கிளம்புவார்கள். ஏற்கெனவே அடிபட்ட கல்லீரலின்மேல் இன்னொரு மருந்தை ஏற்றாதீர்கள்.

அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் நாளைக் காலையே கல்லீரல் பரிசோதனையும் முழு ரத்த எண்ணிக்கையும் எடுத்துவிடுங்கள். கல்லீரல் அடிபட்டதைக் காட்டும் எஸ்ஜிபிடி இயல்பைவிட மூன்று மடங்குக்கு மேல் போய், கூடவே பிலிருபின் 2-ஐத் தாண்டியிருந்தால், அது சும்மா விடக்கூடிய கல்லீரல் அல்ல. மருந்தால் அந்த நிலைக்கு வருபவர்களில் ஏறக்குறையப் பத்தில் ஒருவர் பிழைப்பதில்லை. ரத்த எண்ணிக்கை எதற்கென்றால், ஃபென்பெண்டசோல் வகை மருந்துகள் செல் பிரிவதற்குத் தேவையான நுண்குழாய்களைத் தடுப்பவை. அவற்றில் ஒன்றான அல்பெண்டசோலை நாள்கணக்கில் கொடுக்கும்போது வெள்ளணு குறைவது தெரிந்த விஷயம். கீமோ ஏற்கெனவே குறைத்து வைத்திருக்கிறது. 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் போட்டு மறைக்காமல் ஓட வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அந்த விதி இப்போது இரட்டிப்பாகப் பொருந்தும்.

ஏழாக உடைக்கும் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவில் நாய்க்கு விற்கும் ஒரு கிராம் பொடிப் பொட்டலத்தில் ஃபென்பெண்டசோல் 222 மில்லிகிராம் இருக்கும். ஓக்லஹோமாவைச் சேர்ந்த ஜோ டிப்பன்ஸ் அதைத் தின்று நுரையீரல் புற்றுநோயிலிருந்து குணமானதாகச் சொன்னார். 1.5 கிராமை ஏழாக உடைத்தால் ஏறக்குறைய அந்த 222 வரும். அது பொட்டலத்தின் கணக்கு. மனித உடம்புக்கு யாரும் கணக்கிட்டதல்ல. டிப்பன்ஸ் அதே சமயத்தில் பெம்புரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தின் ஆய்விலும் இருந்தார் என்பதை ஆடியோக்காரர்கள் சொல்வதில்லை. அதைக் கேட்டுத் தென்கொரியாவில் 2019-இல் ஒரு அலையே அடித்தது. நகைச்சுவைக் கலைஞர் கிம் சோல்-மின் மாதக்கணக்கில் சாப்பிட்டுப் பார்த்து, 2020-இல் பலனில்லை என்று நிறுத்தினார். 2021 டிசம்பரில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். குடலிலிருந்து ரத்தத்துக்கு மிகக் கொஞ்சமாகவே ஏறும் மருந்து அது. குடல் புழுவுக்கு நல்லது, மார்பில் உள்ள கட்டிக்கு என்ன செய்யும்?

ஐவர்மெக்டின் மோசமான மருந்தல்ல. 2015-இல் நோபல் பரிசு வாங்கித் தந்தது. சிரங்குக்கும் சில புழுக்களுக்கும் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். அதாவது 60 கிலோ ஆளுக்கு 12 மில்லிகிராம், ஒரு வேளை, தேவைப்பட்டால் இன்னொரு வேளை. தினமும் அல்ல. ஆய்வகத் தட்டில் புற்றுச் செல்லைக் கொன்றது உண்மைதான். அங்கே ஊற்றிய செறிவு, அந்த 12 மில்லிகிராம் மாத்திரையால் ரத்தத்தில் வரும் அளவைப் போல சுமார் நூறு மடங்கு. அதை எட்ட நினைத்துக் கூட்டினால் தள்ளாட்டம், பிதற்றல், வலிப்பு, கோமா. கீமோ அன்று வாந்திக்குக் கொடுக்கும் அப்ரெபிடன்ட் மாத்திரை, ஐவர்மெக்டினைச் சிதைக்கும் நொதியை வேறு தடுக்கும். அளவு இன்னும் ஏறக்கூடும்.

‘பழைய மருந்து மலிவு, அதனால் கம்பெனிகள் ஆராய விடுவதில்லை’ என்பது அடுத்த கதை. சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினைவிட மலிவு எது? அதை மார்பகப் புற்றுநோயாளிகள் 3,649 பேரை வைத்து, ஐந்து வருடம் வரை கொடுத்துச் சோதித்தார்கள். 2022-இல் முடிவு வந்தது: பலன் இல்லை. பிறவி ஊனத்துக்குக் காரணமான தாலிடோமைடையும் சோதித்தார்கள். அது மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகிவிட்டது. பலன் இருந்தால் சோதனையில் தெரியும், டாக்டர்களே எழுதிக் கொடுப்போம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அட்டைகளையும் மிச்ச மாத்திரைகளையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், எத்தனை நாள் விட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நாய்க்கான மாத்திரைகளில் ஃபென்பெண்டசோலோடு பிராசிகுவான்டல், பைரன்டல் என்ற வேறு புழு மருந்துகளும் சேர்ந்து வருவதுண்டு. அட்டையைப் பார்த்தால்தான் தெரியும். அடுத்த ஊசியைத் தவற விடாதீர்கள், தள்ளிப்போட வேண்டுமா என்பதை ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் முடிவு செய்யட்டும்.

மஞ்சள் பால் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ராத்திரி ஒரு டம்ளர் குடிக்கட்டும், சிட்டிகை மஞ்சளால் ஒன்றும் ஆகாது. ஆனால் மிளகுச் சத்து சேர்த்த குர்குமின் மாத்திரை டப்பா வீட்டில் இருந்தால் அதையும் அந்தப் பையிலேயே போடுங்கள். கல்லீரல் வீக்கத்தோடு அதன் பெயரும் அடிபடுகிறது.