மூடி உப்பிய குளோரின் டப்பாவும் வழவழத்த நிப்பிள் பைப்பும்

கேள்வி: டாக்டர் சார், வணக்கம். மோகனூர் பக்கம் கூண்டு முறையில 12,000 முட்டைக்கோழி இருக்குது. எல்லாத்துக்கும் போர் தண்ணிதான். டெஸ்ட் பண்ணதுல பிஎச் 8.2ன்னு வந்துச்சு. இத்தனை நாள் பிளீச்சிங் பவுடர் கலக்கிட்டு இருந்தோம். கோழி கொத்தித் தண்ணி குடிக்கிற நிப்பிள்ல சுண்ணாம்பு அடைக்குதுன்னு குளோரின் மாத்திரைக்கு மாறிட்டோம். ஒரு மாத்திரைக்கு 5 கிராம் குளோரின்னு டப்பாவுல போட்டிருக்குது. திங்கக்கிழமை காலையில 10,000 லிட்டர் டேங்க்ல 10 மாத்திரை போட்டுட்டு மோட்டாரைப் போட்டு விட்டுருவோம். டேங்க்ல அப்ப மூணுல ஒரு பங்கு தண்ணிதான் கிடக்கும். அன்னைக்கு கோழி தண்ணி சரியா குடிக்கிறதில்லை. வெள்ளிக்கிழமைக்குள்ள பைப் உள்ள வழவழன்னு ஆயிடுது. வாரத்துக்கு எத்தனை மாத்திரை போடணும்? அப்புறம், மாத்திரை டப்பா மோட்டார் ரூம்ல இருக்குது. ரெண்டு நாளா மூடி உப்பியிருக்குது, பக்கத்துல போனா கண்ணு எரியுது. பாதி மூட்டை பிளீச்சிங் பவுடர் மிச்சம் கிடக்குது. ரெண்டையும் ஒரே டிரம்ல கொட்டி வச்சுத் தீர்த்துடலாமா? சிட்ரிக் ஆசிட்டையும் மாத்திரையோட ஒண்ணா கரைக்கலாமா?

பதில்: வணக்கம்ங்க. எத்தனை மாத்திரை என்பதை அப்புறம் பார்ப்போம். நீங்கள் கடைசியாகக் கேட்ட இரண்டுக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பிளீச்சிங் பவுடரையும் மாத்திரையையும் ஒரே டிரம்மில் கொட்டவே கூடாது. சிட்ரிக் ஆசிட்டை மாத்திரையோடு சேர்த்துக் கரைக்கவும் கூடாது. இதைப் படித்ததும் பண்ணையில் வேலை செய்கிற எல்லோருக்கும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இரண்டும் குளோரின் தருகிறவைதானே, சேர்ந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் இரண்டும் வேறு வேறு ரசாயனக் குடும்பம். பிளீச்சிங் பவுடர் சுண்ணாம்பில் குளோரினை ஏற்றிச் செய்வது, காரத்தன்மை உள்ளது. மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் சோடியம் டைகுளோரோ ஐசோசயனுரேட். இரண்டும் கலந்த இடத்தில் துளி ஈரம் பட்டாலும் போதும், சூடேறும், தீப்பிடிக்கும். நைட்ரஜன் டிரைகுளோரைடு என்கிற வெடிக்கக்கூடிய பொருள்கூட உண்டாகும். டிரம்மில் கொட்டினால்தான் ஆபத்து என்றும் நினைக்காதீர்கள். பவுடர் அள்ளிய கரண்டியைத் துடைக்காமல் மாத்திரை டப்பாவுக்குள் விட்டாலும் இதே கதைதான். ஆசிட் விஷயம் வேறு. அடர்த்தியான குளோரின் கரைசலில் எந்த ஆசிட் பட்டாலும் குளோரின் வாயு குபுகுபுவென்று கிளம்பும். வாளிக்கு மேல் குனிந்து கலக்கிக்கொண்டிருக்கிறவரின் நெஞ்சுக்குள்தான் அது நேராகப் போகும்.

இப்போது அந்த உப்பிய டப்பா. எப்படியோ உள்ளே ஈரம் போயிருக்கிறது. பம்பில் கசியும் தண்ணீர் தெறித்திருக்கலாம், ஈரக்கையால் யாராவது எடுத்திருக்கலாம், வெளியே எடுத்த நனைந்த மாத்திரையைத் திரும்ப உள்ளே போட்டிருக்கலாம். மூடியை இறுக்காதீர்கள். அறைக்குள் வைத்துத் திறக்கவும் வேண்டாம். கதவு, ஜன்னலைத் திறந்துவிட்டு நன்றாகக் காற்றோடவிடுங்கள். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது, தரையோடு தேங்கி நிற்கும். அதனால் அறைக்குள் குனிந்து வேலை செய்ய வேண்டாம். மூக்கில் துண்டு கட்டினால் அது தடுக்காது. நெடி அடங்கிய பிறகு, டப்பாவின் வெளிப்பக்கம் சூடில்லை என்று தெரிந்தால் மட்டும் கையுறையும் கண்ணாடியும் போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள். திறந்தவெளி நிழலில் வைத்து, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, மூடியை மெல்லத் தளர்த்துங்கள். தொட்டுப் பார்க்கையில் வெதுவெதுப்பு தெரிந்தாலோ புகை வந்தாலோ கிட்டே போகாதீர்கள். ஆட்களை விலக்கிவிட்டு 101-க்குப் போன் பண்ணுங்கள், உள்ளே இருப்பது குளோரின் மாத்திரை என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆபீஸில் தொங்குகிற சிவப்பு பவுடர் தீயணைப்பானை இதன் மேல் அடிக்கக் கூடாது. அதில் இருக்கிற அம்மோனியம் பாஸ்பேட் குளோரினோடு சேர்ந்து நிலைமையை மோசமாக்கும். இதற்கு ஏராளமான தண்ணீர்தான் மருந்து. கொஞ்சம் தண்ணீர்தான் ஆபத்து.

டப்பாவில் பவுடர் எதுவும் கலக்கவில்லை, மாத்திரை மட்டும் ஈரமாகி உதிர்ந்திருக்கிறது என்றால், வெளியில் வைத்து, பெரிய பிளாஸ்டிக் டிரம் நிறையத் தண்ணீர் பிடித்து, அதில் சிறிது சிறிதாகப் போட்டுக் கரைத்து ஷெட்டுக்கு வெளியே தரை, வாய்க்கால் கழுவப் பயன்படுத்திவிடலாம். எப்போதும் தண்ணீரில்தான் மாத்திரையைப் போட வேண்டும், மாத்திரை மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. பவுடர் கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நீங்கள் கை வைக்க வேண்டாம். மூடி தளர்ந்தபடியே, மழை படாத திறந்த இடத்தில், ஆள் நடமாட்டம் இல்லாமல் விட்டு, தீயணைப்பு நிலையத்தாரிடமும் விற்றவரிடமும் கேளுங்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். வாயுவைச் சுவாசித்து இருமல், மூச்சிரைப்பு வந்தால் காற்றோட்டத்துக்குக் கொண்டுபோய் உட்காரவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும். அதனால் "இப்ப பரவாயில்லை" என்று அவர் சொன்னாலும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

மோட்டார் ரூம் இதை வைக்கும் இடமே இல்லை. ஈரம் ஒரு காரணம். இன்னொன்று, டப்பாவிலிருந்து கசியும் ஆவி ஸ்டார்ட்டர் காண்டாக்டையும் ரிலேவையும் அரித்துவிடும். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தால் பச்சை பூத்திருக்க வாய்ப்பு உண்டு. அதற்காகத் தீவன குடோனுக்கு மாற்றிவிடாதீர்கள். கூண்டு ஷெட்டிலும் வைக்க வேண்டாம், எச்சத்திலிருந்து வரும் அம்மோனியாவுக்கும் இதற்கும் ஆகாது. அதே காரணத்தால் யூரியா, அம்மோனியம் சல்பேட் மூட்டைகளின் பக்கமும் ஆகாது. ஜெனரேட்டர் டீசல், கிரீஸ், எண்ணெய்த் துணி எதுவும் அருகில் இருக்கக் கூடாது. பார்மலின், பொட்டாசியம் பெர்மாங்கனேட், சுட்ட சுண்ணாம்பு இவற்றுக்கும் தனி இடம். வெயில் விழாத சுவரில், தரையிலிருந்து உயர்ந்த சிமெண்ட் அலமாரி ஒன்று போதும். கீழேயும் மேலேயும் காற்றுப்போக்குத் துவாரம் விட்டு, பூட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். இரும்பு அலமாரி ஒரு வருஷத்திலேயே துருப்பிடித்து உதிர ஆரம்பிக்கும். வாங்கிய டப்பாவிலேயே வையுங்கள். கண்ணாடி பாட்டிலுக்கோ ஹார்லிக்ஸ் டப்பாவுக்கோ மாற்ற வேண்டாம். காலி டப்பாவைப் பலமுறை கழுவி, துளை போட்டுத்தான் எறிய வேண்டும். அதில் உப்பு, புளி போட்டு வைக்கும் வழக்கம் பல பண்ணை வீடுகளில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் பண்ணையிலேயே தீவனம் அரைக்கிறீர்கள் என்றால் மக்காச்சோளத்துக்குப் புகைமூட்டம் போடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை எங்காவது இருக்கும். அதுவும் மாத்திரை, இதுவும் மாத்திரை. லேபிள் படிக்கத் தெரியாத ஆளை "மாத்திரை எடுத்துட்டு வா, டேங்க்ல போடணும்" என்று அனுப்பினால் எதை எடுத்து வருவார்? அலுமினியம் பாஸ்பைடு ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு விடும். அந்த விஷத்துக்கு முறிமருந்து கிடையாது. இரண்டும் ஒரே பூட்டுக்குள் இருக்கவே கூடாது. குளோரின் டப்பா மேல் "கோழித் தண்ணிக்கு" என்று பெரிய எழுத்தில் எழுதி, ஒரு நீர்த்துளி படமும் வரைந்து வையுங்கள். எடுப்பவர் ஒருவராகவே இருக்கட்டும்.

அடுத்து, நீங்கள் வாங்கியது எந்த மாத்திரை என்று லேபிளில் பாருங்கள். தண்ணீரில் போட்டதும் நுரைத்துச் சீக்கிரம் கரைவது நான் மேலே சொன்ன டைகுளோரோ வகை. குடிநீருக்கு ஏற்றது இதுதான், அதையும் லேபிளில் 'குடிநீருக்கு' என்று போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். டிரைகுளோரோ ஐசோசயனூரிக் ஆசிட் என்று போட்டு, பெரிய வில்லையாக, மணிக்கணக்கில் கரைவது நீச்சல் குளத்துக்கானது. சிலவற்றில் காப்பர் சல்பேட், படிகாரம் எல்லாம் சேர்த்திருப்பார்கள். விலை மலிவு என்று அதைக் கோழிக்கு வாங்காதீர்கள்.

இப்போது அளவு. 1,000 லிட்டருக்கு 1 கிராம் குளோரின் என்பதுதான் 1 பிபிஎம். லேபிளில் மாத்திரையின் எடை ஒன்றாகவும் அதிலிருந்து கிடைக்கும் குளோரின் இன்னொன்றாகவும் இருக்கும், டைகுளோரோ ரசாயனத்தின் எடையிலேயே ஏறத்தாழ 60 சதவீதம்தான் குளோரின். கணக்குக்குக் கிடைக்கும் குளோரினைத்தான் எடுக்க வேண்டும். நீங்கள் போட்ட 10 மாத்திரையில் 50 கிராம். டேங்க் நிறைந்திருந்தால் அது 5 பிபிஎம். நீங்களோ மூன்றில் ஒரு பங்கு தண்ணீரில் போடுகிறீர்கள், அப்போது 15 பிபிஎம். மாத்திரை அடியில் போய்க் கிடக்கும், வெளியேறும் குழாயும் அடியில்தான் இருக்கும். ஆக, முதல் இரண்டு மணி நேரம் ஷெட்டுக்குப் போகும் தண்ணீர் அதைவிடவும் காட்டமாக இருக்கும். கோழி குடிக்காததற்கு இதுதான் காரணம். தண்ணீர் குறைந்தால் தீவனம் குறையும், முட்டை குறையும். பிறகு வாரம் முழுக்கப் புதுத் தண்ணீர் சேரச் சேர, வெயிலில் டேங்க் சூடேற, குளோரின் இல்லாமலே போகிறது. வியாழன், வெள்ளியில் பைப் வழவழப்பது அதனால்தான். மாத்திரையைக் கூட்டினால் திங்கள்கிழமை கோழி இன்னும் மோசமாக ஒதுங்கும், வெள்ளிக்கிழமை வழவழப்பும் நிற்காது. வாரக்கணக்கையே விட்டுவிடுங்கள்.

முட்டைக்கோழி தின்கிற தீவனத்தைப்போல் இருமடங்கு தண்ணீர் குடிக்கும். 110 கிராம் தீவனம் என்றால் 220 மில்லி. உங்கள் 12,000 கோழிக்கு நாளொன்றுக்கு சுமார் 2,640 லிட்டர், கோடையில் அது இருமடங்கு வரை போகும். ஆகவே தினமும் சாயங்காலம் மறுநாளுக்கு வேண்டியதை மட்டும் ஏற்றுங்கள். சாதாரண நாளில் 3,000 லிட்டர் போதும், கோடையில் தண்ணீரைக் கூட்டினால் மாத்திரையும் அதே விகிதத்தில் கூட வேண்டும். 10 லிட்டர் பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் 2 மாத்திரையை முழுதாகக் கரைத்து, டேங்க் நிறைந்துகொண்டிருக்கும்போது பரவலாக ஊற்றுங்கள். 10 கிராம் குளோரின், 3 பிபிஎம்முக்குச் சற்று மேல். குறைந்தது அரைமணி நேரம் கழித்துத்தான் ஷெட்டுக்குத் திறக்க வேண்டும். உங்கள் பிஎச்சுக்கு ஒரு மணி நேரம் விட்டால் நல்லது. அப்படிப் பார்த்தால் மாதம் 60 மாத்திரை ஆகும். இரண்டு மாதத்துக்கு மேல் வாங்கிச் சேர்க்காதீர்கள்.

டேங்கில் எவ்வளவு போட்டோம் என்பது பெரிதில்லை, கடைசி நிப்பிளில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே கணக்கு. அங்கே 2 முதல் 3 பிபிஎம் இருக்க வேண்டும். ஊராட்சி டேங்க் ஆபரேட்டர் வைத்திருக்கும் மஞ்சள் நிறம் வரும் ஓடிஓ சொட்டு மருந்து மொத்தக் குளோரினைக் காட்டும். டிபிடி என்கிற, இளஞ்சிவப்பு நிறம் வரும் கிட் வாங்குங்கள், அதுதான் வேலை செய்கிற குளோரினைத் தனியாகக் காட்டும். அதில் ஒரு பிசகு உண்டு. குளோரின் மிக அதிகமாக இருந்தால் வந்த நிறமே வெளுத்து, ஒன்றுமில்லை என்று காட்டிவிடும். மூக்கில் நெடி வருகிறது, கிட்டில் நிறமில்லை என்றால், அந்தத் தண்ணீரில் ஒரு பங்கும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒன்பது பங்கும் கலந்து மறுபடி பாருங்கள்.

சிட்ரிக் ஆசிட் போட்டு பிஎச்சைக் குறைக்க நீங்கள் யோசித்தது சரி. 6.5-இல் குளோரினில் பத்தில் ஒன்பது பங்கு கிருமி கொல்லும் வடிவத்தில் இருக்கும். 7.5-இல் பாதி. உங்கள் 8.2-இல் ஐந்தில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆசிட் சேர்ப்பதானால் முதலில் அதைத் தனி வாளியில் தண்ணீரில் கரைத்து, டேங்க் முழுத் தண்ணீரிலும் நன்றாகக் கலந்துவிட்டு, பிஎச் 7-க்குப் பக்கம் வந்ததைப் பார்த்து, அப்புறம் வேறொரு வாளியில் கரைத்த குளோரினை ஊற்ற வேண்டும். இரண்டு வாளிக்கும் இரண்டு நிறம் வைத்துக்கொள்ளுங்கள். 6-க்குக் கீழே இறக்க வேண்டாம்.

3 பிபிஎம் போட்டும் கடைசி நிப்பிளில் எதுவும் மிஞ்சவில்லை என்றால், வழியில் ஏதோ அதைத் தின்கிறது. டேங்க் அடியில் சேறு, பைப்பில் பாசி, அல்லது தண்ணீரில் இரும்பு. இரும்பு இருந்தால் குளோரின் பட்டுத் துருவாகப் படிந்து நிப்பிளை அடைக்கும். அதற்கு வடிகட்டிதான் வழி. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் இரும்பும் கடினத்தன்மையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். டேங்கைக் காலி செய்து தேய்த்துக் கழுவாமல் மாத்திரையில் காசு போடுவது வீண். ஏற்கெனவே வழவழத்த பைப்பில் குளோரின் சீராகப் போக ஆரம்பித்தால் முதல் வாரம் படலம் பெயர்ந்து வரும். தினமும் காலையில் லைன் முனையைத் திறந்து ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள். அந்த வாரம் நிப்பிளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், அடைத்தால் கோழி தாகத்தில் நிற்கும்.

மிச்சமுள்ள பிளீச்சிங் பவுடரைக் கால் நனைக்கும் தொட்டிக்கும் தரை கழுவவும் தனியாகத் தீர்த்துவிடுங்கள். அதன் கரண்டியும் வாளியும் மாத்திரைப் பக்கம் வரக் கூடாது.

லாசோட்டா போன்ற உயிர்த் தடுப்பூசியைத் தண்ணீரில் கொடுக்கும்போது முந்தின நாளும் அன்றும் மறுநாளும் குளோரின் வேண்டாம். டேங்கில் பழைய தண்ணீரை இறக்கிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்து, லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பில்லாப் பால்பவுடர் கலந்து, அரைமணி நேரம் கழித்துத் தடுப்பூசி கலக்க வேண்டும். தண்ணீரில் கொடுக்கும் ஆன்டிபயாடிக், வைட்டமின்களுக்கும் அந்த வேளைக்குக் குளோரினை நிறுத்துங்கள். இத்தனை நாள் திங்கள்கிழமையிலோ செவ்வாயிலோ லாசோட்டா கொடுத்திருந்தால் அது வீணாகியிருக்க வாய்ப்பு அதிகம். தேதிகளை எடுத்துக்கொண்டு உங்கள் கால்நடை மருத்துவரிடம் ரத்த மாதிரியில் எதிர்ப்புசக்தி அளவு பார்க்கச் சொல்லுங்கள், தேவையென்றால் அவரே மறுபடி போடச் சொல்வார்.