படகு பெயிண்டை சிப்பாய்க்கு அடிக்கலாமா?

கேள்வி (பாம்பன் வாசகர்): மலாயாவுக்குப் பிழைக்கப் போன என் தாத்தா அங்கே நேதாஜியின் ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர். அவர் நினைவாக ஐந்து சிப்பாய்கள் வைத்து ஒரு டயோராமா (சின்னப் பொம்மைகள் வைத்து அமைக்கும் காட்சி) செய்ய ஆசை, 1/35 அளவில், அதாவது நிஜத்தில் 35இல் ஒரு பங்கு. ஆன்லைனில் 16 குப்பி 'ராணுவ வண்ண செட்' ஒன்று பார்த்தேன், விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. வீட்டில் படகுக்கு அடித்த எனாமலும் தின்னரும் மிச்சம் கிடக்கிறது. அதை வைத்தே முடித்துவிடலாமா?

பதில்: படகு எனாமல் படகுக்கே இருக்கட்டும். 1/35 என்றால் ஐந்தே முக்கால் அடி ஆள் 5 சென்டிமீட்டர்தான், அவன் முகம் உங்கள் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. உப்புத்தண்ணீரையும் வெயிலையும் தாங்கச் செய்த கெட்டியான பெயிண்டை அதில் பூசினால் கண், மூக்கு, சட்டைப் பொத்தான் எல்லாம் மூடிப்போகும், பளபளப்பு வேறு, எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெயிலில் நிற்கிறவன் மாதிரி இருப்பான். தின்னரைத் தொடவே வேண்டாம். அது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டுக்கான) தின்னர் என்றால் பொம்மையின் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். ஒரு பொம்மையின் கையை இப்படித்தான் இழந்தேன், அப்புறம் அவனைக் காயம்பட்டவன் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்காக அந்த 16 குப்பி செட்டையும் வாங்காதீர்கள். அந்த மாதிரி செட்டுகளில் பாதி, ஜெர்மன் உடைகளுக்கும் டாங்கிகளுக்கும் ஆனது. உங்கள் ஆட்கள் போட்டிருந்தது பெரும்பாலும் பிரிட்டிஷ் கையிருப்பிலிருந்து வந்த காக்கி. காக்கி, வெளிறிய மணல் நிறம், அடர் பழுப்பு, செம்பழுப்பு, காவி மஞ்சள், கறுப்பு, வெள்ளை, இந்த ஏழு போதும், தனித்தனிக் குப்பியாக வாங்குங்கள். பிரஷ்ஷால் அடிக்கப் போகிறீர்கள் என்றால் வல்லேஜோ கம்பெனி மாதிரி தண்ணீரில் கரையும் அக்ரிலிக் நல்லது. டாமியா கம்பெனி அக்ரிலிக்கில் ஆல்கஹால் இருப்பதால், இரண்டாவது பூச்சு போடும்போது கீழே இருப்பதைக் கிளப்பிவிடும், அது ஏர்பிரஷ்ஷுக்குத்தான் (காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தெளிக்கும் கருவி) சுகம். தரை, சுவர், மரப்பெட்டி இதற்கெல்லாம் ஸ்டேஷனரி கடை ஃபெவிக்ரில் தாராளமாகப் போதும், அங்கே போய் விலை உயர்ந்த குப்பியைக் காலி செய்யாதீர்கள்.

பணம் போட வேண்டியது பிரஷ்ஷில். மூன்று சைபர் போட்ட ஊசி பிரஷ்ஷைத்தான் எல்லோரும் முதலில் வாங்குவார்கள், அதில் பெயிண்ட் நிற்காது, முகத்துக்குப் போவதற்குள் காய்ந்துவிடும். நுனி கூராக நிற்கிற 1 அல்லது 2 நம்பர் வாங்குங்கள். கடையிலேயே தண்ணீரில் நனைத்து ஒரு உதறு உதறிப் பாருங்கள், நுனி ஒன்று சேரவில்லை என்றால் கீழே வைத்துவிட்டு வந்துவிடலாம். பெயிண்ட் காயாமல் இருக்க வெட் பேலட் என்று ஈரத் தட்டு ஒன்று விற்கிறார்கள், அது வேண்டாம்: டிபன் பாக்ஸ் மூடியில் ஈர ஸ்பாஞ்ச், அதன் மேல் பட்டர் பேப்பர், அவ்வளவுதான்.

ஐ.என்.ஏ. என்று தனியாகப் பொம்மைப் பெட்டி தேடி அலைய வேண்டாம். அரைக்கால் சட்டை போட்ட பிரிட்டிஷ் 8ஆவது ராணுவ வீரர்கள் டாமியாவில் 1/35இல் உண்டு. இரும்புத் தொப்பிக்குப் பதில் நேதாஜி படங்களில் பார்க்கிற மடிப்புத் தொப்பியை ஹார்ட்வேர் கடை எம்-சீலில் செய்து வைத்துவிடலாம். பெயிண்ட் தொடும் முன் சோப்புத் தண்ணீரில் பாகங்களைக் கழுவுங்கள், அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசிய பிசுக்கு அப்போதுதான் போகும்.

முகத்துக்கு வருவோம். 'ஃபிளெஷ்' என்று எழுதிய குப்பி வெள்ளைக்காரன் தோல். அதில் கறுப்பைக் கலந்தால் சாம்பல் பூத்த பிணம் மாதிரி வரும், நம் ஆள் வரமாட்டார். செம்பழுப்பும் காவி மஞ்சளும் அடிப்படை, மூக்கு நுனிக்கும் கன்ன எலும்புக்கும் அதில் துளி வெள்ளை, கண்குழிக்கும் தாடைக்கு அடியிலும் அடர் பழுப்பு. கண்ணுக்கு வெள்ளையை அப்படியே வைத்தால் முழித்துப் பார்ப்பான், கொஞ்சம் பழுப்பு கலந்து வையுங்கள். காக்கியும் ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி வேண்டாம், ஒருவன் சட்டை துவைத்துத் துவைத்து வெளுத்திருக்கட்டும்.

கேள்வி (மண்டபம் வாசகர்): மேட் (பளபளக்காத) வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன், பொம்மை முழுக்க வெள்ளையாகப் பூத்துவிட்டது. போலிச் சரக்கா? திருப்பிக் கேட்கலாமா?

பதில்: எந்த மாதத்தில் அடித்தீர்கள்? ஐப்பசி, கார்த்திகை என்றால் டப்பா மேல் பழி போடாதீர்கள். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் ஸ்ப்ரே காயும்போது அந்த ஈரம் பூச்சில் மாட்டிக்கொண்டு வெளுக்கும், இது நம் கடற்கரையில் எல்லோரும் ஒருமுறை படுவது. மழை இல்லாத நாளில், நல்ல வெயில் ஏறியபின் பளபளப்பு வார்னிஷ்ஷை மெலிதாக ஒரு கை அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் வெளுப்பு அடங்கிவிடும். அப்புறம் மேட்டை பிரஷ்ஷால் பூசுகிற குப்பியில் வாங்குங்கள். ப்ரைமருக்கும் (வண்ணம் பிடிக்க முதலில் பூசுகிற அடிப்பூச்சு) அதேதான். ஸ்ப்ரே டப்பா தீப்பிடிக்கும் சரக்கு, விமானத்தில் ஏற்றமாட்டார்கள், அதனால்தான் நம் பின்கோடுக்கு 'டெலிவரி இல்லை' என்று காட்டுகிறது. அவசரமானால் மதுரைப் பக்கம் போகும்போது கார் பெயிண்ட் கடையில் சாம்பல் நிற ப்ரைமர் கிடைக்கும், ஆனால் பாகங்களைக் கழற்றிய வெறும் பிளாஸ்டிக் சட்டத்தில் முதலில் அடித்துப் பார்த்துவிட்டு, பிறகு பொம்மைக்கு மெலிதாக.

கேள்வி (கீழக்கரை வாசகர்): ஆறு குப்பி வரவழைத்தேன். இரண்டு ஒழுகிக் காலி, ஒன்று உள்ளே கல்லாகிவிட்டது. 'பெயிண்ட் திருப்பி எடுப்பதில்லை' என்கிறார் விற்பவர்.

பதில்: அவர் அப்படிச் சொல்ல முடியாது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி குறையுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையும் திருப்பி எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா? இல்லாவிட்டாலும் போட்டோ, பில், அவர் மறுத்த மெசேஜ் மூன்றையும் வைத்துத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் கிடைத்ததென்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. மூன்று குப்பிக்கு அவ்வளவு தூரம் போவீர்களா என்பது வேறு, போவீர்கள் என்று அவருக்குத் தெரிந்தாலே பாதி வேலை முடியும். இன்னொன்று, வெளிநாட்டுக் குப்பியில் இறக்குமதியாளர் முகவரியும் ரூபாயில் எம்.ஆர்.பி.யும் ஒட்டியிருக்கிறதா பாருங்கள்.

கேள்வி (ஏர்வாடி வாசகர்): டயோராமா தரைக்குக் கடல் மணலும், ஒருவர் விற்கிற பவளப்பாறைத் துண்டும் போடலாமா?

பதில்: பவளம் கூடவே கூடாது, காசு கொடுத்து வாங்கினாலும் குற்றம்தான். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அதுவும் மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா பக்கத்திலேயே இருந்துகொண்டு! பாறை வேண்டுமானால் தெர்மாகோலைப் பிய்த்து மேலே பெயிண்ட் அடியுங்கள். கைப்பிடி மணல் போதும், ஆனால் கழுவாமல் ஒட்டினால் ஃபெவிகால் காய்ந்தபிறகு உப்பு பூக்கும். மூன்று நாள் நல்ல தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, கடைசித் தண்ணீரை ஒரு துளி நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கவில்லை என்றால் மணலைக் காயவைத்து ஒட்டலாம்.