கடலா, வானிலையா, சுற்றுச்சூழலா? – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

எங்களுடையது குமரி மாவட்டத்தில் ஒரு கடற்கரைக் கிராமம். அப்பா பல நாள் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கும் தங்குகடல் தொழிலுக்குப் போகிறவர். நான் பிளஸ் டூவில் கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் படித்து முடித்திருக்கிறேன். வீட்டில் நர்சிங் சேரச் சொல்கிறார்கள். எனக்குக் கடலைப் பற்றிப் படிக்க ஆசை. கடலியல், வானிலையியல், சுற்றுச்சூழல் அறிவியல் என்று மூன்று படிப்புகளின் பேர் தெரியும். எதில் சேர்வது என்று தெரியவில்லை. சுற்றுச்சூழல்தான் எளிது, அதையே எடு என்கிறார் ஓர் ஆசிரியர்.

ரொம்ப நாளாக எனக்கு ஒரு கேள்வி உண்டு. காற்றே இல்லாமல் வெயில் அடிக்கிற நாளில் கள்ளக்கடல் ஏறி வந்து வீடுகளை அடிக்கிறது. அது எதனால்? இதற்குப் பதில் எந்தப் படிப்பில் இருக்கிறது? வேலை கிடைக்குமா என்று அப்பா கேட்கச் சொன்னார். பெண்பிள்ளையைக் கப்பலில் அனுப்ப மாட்டேன் என்றும் சொல்கிறார்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கள்ளக்கடலிலிருந்தே தொடங்குகிறேன். எதைப் படிப்பது என்பதற்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

கள்ளக்கடலைக் கிளப்பும் காற்று உங்கள் ஊரில் அடிப்பதில்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடலில் பெரும் புயல்கள் வீசுகின்றன. அங்கே எழும் அலைகளில் நீளமானவை புயலைவிட்டுப் பிரிந்து வடக்கே பயணப்படும். ஆழ்கடலில் ஓர் அலை எவ்வளவு வேகமாக ஓடும் என்பது, ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள கால இடைவெளியைப் பொறுத்தது. இடைவெளி 18 நொடி என்று வையுங்கள். அதை 1.56ஆல் பெருக்கினால் நொடிக்கு 28 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 100 கிலோமீட்டர். அலைக்கூட்டம் ஆற்றலைச் சுமந்து வரும் வேகம் இதில் சரிபாதி. மணிக்கு 50 கிலோமீட்டர் வீதம் 5,000 கிலோமீட்டரைக் கடக்க நான்கு நாளுக்குச் சற்று மேல் ஆகும். ஆகவே இன்று உங்கள் தெருவுக்குள் வரும் தண்ணீருக்குக் காரணமான புயல் போன வாரமே அடித்து ஓய்ந்திருக்கலாம்.

அடுத்த தடவை கடல் ஏறும்போது பாதுகாப்பான மேட்டில் நின்றுகொண்டு, பத்து அலைகள் வந்து உடைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைபேசியில் பாருங்கள். பக்கத்துக் காற்றில் எழும் அலை ஐந்தாறு நொடிக்கு ஒன்று வரும். கள்ளக்கடலில் பதினைந்து நொடிக்கு மேலேயும் போகும். மறுநாள் எண்ணினால் இடைவெளி கொஞ்சம் குறைந்திருக்கும். இடைவெளி நீண்ட அலைகள் வேகமாக ஓடி முதலில் வந்துவிடுகின்றன, மற்றவை பின்னால் வருகின்றன. இந்தக் குறைவை வைத்தே புயல் எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கணக்குப் போடலாம். 1963இல் வால்ட்டர் மங்க் என்ற அமெரிக்கக் கடலியலாளரும் அவருடைய குழுவும் தென்கோடிப் புயல்களில் பிறந்த அலைகளை அலாஸ்கா வரை, பசிபிக் முழுக்க, நிலையம் நிலையமாகப் பின்தொடர்ந்து சென்றார்கள். ஐதராபாத்தில் உள்ள, கடல் நிலவரங்களைக் கணித்துச் சொல்லும் மத்திய அரசு நிறுவனமான இன்காய்ஸ் இப்போது கள்ளக்கடல் எச்சரிக்கையை முன்கூட்டியே தர முடிவதும் அலை வந்து சேர நாள்கள் எடுப்பதால்தான்.

புயல் வானிலையியலில் வரும். அலை கடலியலில் வரும். அந்த அலை சில இடங்களில் மணலோடு நின்றுவிடுகிறது, சில இடங்களில் வீட்டுக்குள் நுழைகிறது. ஏன் என்று பார்க்கப் போனால் கரையில் மணல் எங்கே போனது, கல் போட்ட சுவர் பக்கத்து ஊருக்கு என்ன செய்தது என்று சுற்றுச்சூழல் அறிவியலுக்குள் வந்துவிடுவீர்கள். உங்கள் ஒரு கேள்வி மூன்று துறைகளையும் தொடுகிறது. அதனால் என் யோசனை இது: இளங்கலையில் இந்த மூன்றில் எதையும் எடுக்காதீர்கள். இயற்பியல் எடுங்கள், துணைப்பாடமாகக் கணிதம். கடலுக்கு முதுகலையில் வாருங்கள்.

கில்பர்ட் வாக்கர் 1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைவராக வந்தபோது அவர் வானிலை படித்தவர் இல்லை, கேம்பிரிட்ஜ் கணிதக்காரர். பருவமழை எந்த ஆண்டு பொய்க்கும் என்று கண்டுபிடிக்க உலகம் முழுவதிலிருந்தும் அழுத்தம், வெப்பம், மழை அளவுகளைத் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிட்டார். பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது என்ற பெரிய ஊசலாட்டம் அவருக்குப் பிடிபட்டது. ஏன் என்று அவரால் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் காரணத்தில் பாதி கடலுக்குள் இருந்தது. பசிபிக்கின் வெந்நீரையும் இந்த ஊசலாட்டத்தையும் வானிலையியலாளர் ஜேகப் பியர்க்னஸ் இணைத்துக் காட்டியது 1960களின் இறுதியில்தான். பசிபிக் நீர் இப்படிச் சூடேறுவதை எல் நினோ என்று இன்று செய்தித்தாளில் சாதாரணமாகப் படிக்கிறோமே, அதை முழுசாகப் புரிந்துகொள்ள இவ்வளவு காலம் ஆயிற்று.

கடலுக்கும் வானிலைக்கும் உள்ள இதே ஒட்டுறவு உங்கள் வாசலிலும் உண்டு. ஆராய்ச்சிக் கப்பலில் கம்பிவடத்தில் ஒரு கருவியை இறக்குவார்கள். அது கீழே போகப் போக வெப்பத்தையும் உப்பையும் அளந்து திரையில் இரண்டு கோடுகளாக வரையும். வடக்கு வங்கக்கடலில் மழைக்காலம் முடிந்த கையோடு இறக்கினால் உப்புக்கோடு 20, 30 மீட்டரிலேயே சட்டென்று ஒடியும். வெப்பக்கோடு அதற்குக் கீழேயும் நேராகப் போய்க்கொண்டே இருக்கும். கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, கோதாவரி எல்லாம் கொட்டும் நன்னீர் மேலே மிதந்து, கீழே இருக்கும் தண்ணீரோடு கலக்க விடாமல் மூடிவிடுகிறது. புயல் வந்து கலக்கினாலும் குளிர்ந்த நீர் லேசில் மேலே வராது. மேல்மட்டம் சூடாகவே இருப்பதால் புயலுக்குத் தீனி குறைவதில்லை. கார்த்திகை, மார்கழியில் இந்த உப்புக் குறைந்த நீர் இலங்கையைச் சுற்றிக்கொண்டு உங்கள் பக்கம், அரபிக்கடலின் தென்கிழக்கு மூலை வரை வருகிறது.

ஒக்கி புயலை உங்களிடம் விளக்கத் தேவையில்லை. 2017 நவம்பர் இறுதியில் அது தாழ்வு மண்டலத்திலிருந்து புயலாக மாற ஏறக்குறைய ஒரே நாள்தான் எடுத்தது. பல படகுகள் அதற்கு எத்தனையோ நாள் முன்பே கரையை விட்டிருந்தன. செய்தி அவர்களைப் போய்ச் சேர வழியில்லை. அதற்கப்புறம் 2019இல்தான் செயற்கைக்கோள் வழியாகப் படகுக்கு எச்சரிக்கை அனுப்பும் ஜெமினி கருவி வந்தது. ஒரு புயல் எவ்வளவு வேகமாக வலுக்கும் என்று சொல்வது இன்றும் கடினமான கணக்கு. கரையில் காத்திருக்கும் வீட்டிலிருந்து ஒருவர் அந்தக் கணக்கைப் போட வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

சுற்றுச்சூழல் எளிது என்று உங்கள் ஆசிரியர் சொன்னதை நான் ஏற்கவில்லை. பொதுவாகப் பேசும் பாடமாக நடத்தினால் எளிதுதான். அளக்கத் தொடங்கினால் வேதியியல் கையில் இருக்க வேண்டும். தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்று பார்க்க 1888இல் விங்க்ளர் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த முறையை இன்றும் கல்லூரி ஆய்வகங்களில் செய்கிறார்கள். குமிழி புகாமல் பாட்டிலை நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடும் விட்டு, மூடிக் குலுக்க வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு வண்டல் திரண்டு இறங்கும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே நின்றுவிடும். நகரக் கழிவு கலக்கும் ஓர் ஓடையில் எடுத்த பாட்டில் அப்படி வெள்ளையாக நிற்பதைப் பார்த்தால், அதில் மீன் ஏன் இல்லை என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். இதில்தான் ஈடுபாடு என்றால் இயற்பியலுக்குப் பதில் வேதியியல் எடுங்கள். மீனும் பவளமும்தான் என்றால் விலங்கியல். அப்புறம் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது.

அலை, நீரோட்டம், புயல் என்று போனால் உங்களுக்குப் பக்கம் கொச்சி. அங்குள்ள அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கடலியல், வானிலையியல் இரண்டிலும் முதுகலை உண்டு. விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகம் 1950களிலிருந்தே கடலியலில் பேர் பெற்றது. இங்கெல்லாம் பெரும்பாலும் கணிதமும் இயற்பியலும் படித்தவர்களைத்தான் கேட்கிறார்கள். நுழைவுத்தேர்வு விதிகளை முதல் வருடத்திலேயே படித்து வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் நிரல் எழுதவும் இப்போதே பழகுங்கள். பைத்தான் என்ற நிரல்மொழி போதும்.

வேலை பற்றி அப்பாவிடம் நேராகவே சொல்லுங்கள். சீக்கிரம் சம்பளம் வேண்டுமென்றால் நர்சிங்தான். இந்தத் துறையில் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. வானிலைத் துறை, இன்காய்ஸ், பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனம் எல்லாம் உண்டு. ஆனால் தொடக்கத்தில் கிடைப்பது பெரும்பாலும் திட்ட ஒப்பந்த வேலை, மேலே போக முனைவர் பட்டம் தேவைப்படும். எட்டு, பத்து வருடம் பொறுக்க வீடு தயாரா என்று பேசி முடிவெடுங்கள். முதுகலையோடு வெளியே வருபவர்களுக்குத் துறைமுகங்களும் காற்றாலைகளும் இருக்கின்றன. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே முப்பந்தல். நாளைக்குக் காற்று எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல அங்கே ஆள் தேவை.

கப்பல் விஷயம். சாகர் கன்யா, சாகர் நிதி போன்ற ஆராய்ச்சிக் கப்பல்களில் பெண் விஞ்ஞானிகள் போய்வருகிறார்கள். அதிதி பந்த் என்ற கடலியலாளர் 1983இல் கிளம்பிய குழுவோடு அண்டார்டிகாவுக்கே போனார். சரி, அப்பா அப்படியும் சம்மதிக்கவில்லை என்றால் கவலைப்படாதீர்கள். கணிப்பு மாதிரிகளில் வேலை செய்பவர்கள் பலர் கப்பல் ஏறாமலே கடலைப் படிக்கிறார்கள். முடிவைப் பட்டம் வாங்கும்போது எடுத்துக்கொள்ளலாம், இப்போது அதற்காகச் சண்டை வேண்டாம்.

கல்லூரியில் இடம் கிடைத்ததும் பாடத்திட்டத்தை எனக்கு அனுப்புங்கள். நீரும் காற்றும் எப்படி ஓடுகின்றன என்று சொல்லும் பாய்ம இயக்கவியல் எந்தப் பருவத்தில் வருகிறது என்று பார்த்து, அதற்கு முன்னால் கணிதத்தில் எவற்றை முடித்திருக்க வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.