சுருதி ஆடுவது தட்டின் குறையா, இசையின் குணமா?

கேள்வி: ‘போர்ட்ஸ் ஆஃப் கனடா’ என்ற எலக்ட்ரானிக் இசை இருவர் குழுவின் இரண்டாவது ஆல்பமான ‘ஜியோகாடி’யை வினைல் இசைத்தட்டில் வாங்க ஆசை. கேட்டவர்களில் சிலர் ஆஹா ஓஹோ என்கிறார்கள். சிலரோ சுருதி ஆடுகிறது, சடசடக்கிறது, கடைசிப் பக்கத்தில் சத்தமே வரவில்லை என்கிறார்கள். யாரை நம்புவது?

பதில்: கடைசிப் பக்கத்தை முதலில் முடித்துவிடலாம். அதில் சத்தம் வராது. 2002இல் வெளியான இந்த ஆல்பம் மூன்று தட்டுகளாக வந்தது. ஐந்து பக்கங்களில் இசை. ஆறாவதில் ஒரு குடும்பத்தின் படத்தைப் பொறித்திருக்கிறார்கள். அதன்மேல் ஊசியை வைக்காமல் இருந்தால் போதும்.

சுருதி விஷயம் அப்படி இல்லை. ஸ்காட்லாந்துக்காரர்களான இந்த இருவரும் குழுவின் பெயரையே கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்திலிருந்து எடுத்தவர்கள். அந்தக் காலத்து ஆவணப்படங்களில் தேய்ந்த டேப் ஓடும்போது இசை லேசாக மேலும் கீழும் அலையுமே, அதை வேண்டுமென்றே தங்கள் சின்தசைசர் ஒலியில் கொண்டுவந்தார்கள். ஆகவே ‘ஆடுகிறது’ என்று புகார் சொல்பவர் கேட்டது இசையமைப்பாகவே இருக்கலாம். ஆனால் நடுத்துளை சற்று விலகிப்போன தட்டும் இதே போலத்தான் ஆடும். இரண்டையும் பிரித்தறியாத கருத்தை, எதிர்மறையானாலும் பாராட்டானாலும், நான் கணக்கில் எடுப்பதில்லை.

பிரித்தறிவது கடினமில்லை. 33⅓ வேகத்தில் தட்டு ஒரு சுற்று சுற்ற 1.8 நொடி ஆகும். துளை விலகியிருந்தால் சுருதி சரியாக அந்த 1.8 நொடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும், பாட்டு மாறினாலும் அதே தாளத்தில். ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மைப் பக்கவாட்டில் கவனியுங்கள்; அதுவும் அதே கணக்கில் இடவலமாக ஊசலாடும். மேலும் கீழும் துள்ளினால் தட்டு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். துளைக் கோளாறு உள்வட்டத்தில்தான் அதிகம் காட்டிக்கொடுக்கும். விலகல் அதேதான், ஆனால் அங்கே வட்டத்தின் ஆரம் வெளிவிளிம்பில் இருப்பதில் பாதிகூட இல்லை. சந்தேகம் தீராவிட்டால் அதே பாட்டை டிஜிட்டலில் கேளுங்கள். அங்கேயும் அப்படியே அலைந்தால் தட்டின் மேல் பழி இல்லை.

சடசடப்பைப் பொறுத்தவரை, புதுத் தட்டு என்றால் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். காகித உறையின் தூசியும் நிலைமின்சாரமும் முதல் தடவையே வெடிச்சத்தம் தரும். கழுவி, ஆன்டி-ஸ்டாட்டிக் உறைக்கு மாற்றி, அப்புறம் கேளுங்கள். அதன் பிறகும் ஒரே இடத்தில் துணி கிழிவது போன்ற இரைச்சல் வந்தால், தட்டை அச்சில் அழுத்தி உருவாக்கும் பிரஸ்ஸிங்கின்போது, ஊசி ஓடும் பள்ளத்தில் பிளாஸ்டிக் முழுதாக நிரம்பவில்லை என்று பொருள். அதைக் கழுவிப் போக்க முடியாது, மாற்றித் தரச் சொல்லுங்கள்.

ஒரு நல்ல செய்தி: ஆல்பத்தின் நீளம் 66 நிமிடம் 6 நொடி. ஐந்து பக்கங்களில் போட்டிருப்பதால் ஒரு பக்கத்துக்கு சராசரியாக 13 நிமிடம்தான் வருகிறது. எலக்ட்ரானிக் இசையின் கனத்த பேஸுக்கு, அதாவது தாழ்ந்த ஒலிகளுக்கு, பள்ளம் அகலமாக வேண்டும். பக்கத்துக்கு 25 நிமிடம் திணித்தால் ஒலியளவைக் குறைத்தே வெட்ட வேண்டியிருக்கும், அப்போது பின்னணி இரைச்சல் முன்னுக்கு வரும். இங்கே அந்த நெருக்கடி இல்லை. பதிலுக்கு, கால் மணி நேரத்துக்குள் எழுந்துபோய் தட்டைத் திருப்ப வேண்டும். குட்டிக் குட்டித் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகும் ஆல்பத்துக்கு இதுதான் உண்மையான குறை என்பேன். பிரஸ்ஸிங்கைக் குறை சொல்பவர்கள் ஏனோ இதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

கருத்துகளைப் படிக்கும்போது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். இதை வெளியிட்ட வார்ப் இசை நிறுவனம் 2013இல் இதை மறுபதிப்பு செய்தது. 2002 தட்டைப் பற்றிய புகார் அதற்குப் பொருந்த வேண்டியதில்லை. ஊசி இருக்கும் கார்ட்ரிட்ஜைச் சரியாகப் பொருத்தாத டர்ன்டேபிளில் (தட்டைச் சுழற்றும் கருவியில்) எந்தத் தட்டும் உள்வட்டத்தில் ‘ஸ்’ என்று கரகரக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

1998இல் வந்த முதல் ஆல்பத்தின் குழந்தைத்தனமான வெளிச்சத்தை எதிர்பார்த்து வந்தவர்களுக்கு, தலைகீழாக ஓடும் குரல்கள் நிறைந்த இந்த இருட்டு பிடிக்காமல் போனதும் உண்டு. அது ரசனை, வினைலால் மாறாது. டிஜிட்டலில் முழுதாக ஒருமுறை கேட்டுப் பிடித்திருந்தால், திருப்பித் தரும் வசதியுள்ள கடையில் 2013 பதிப்பை வாங்குங்கள். அந்தக் கெடு முடிவதற்குள் ஐந்து பக்கங்களின் கடைசிப் பாட்டுகளையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.