டிசம்பரில் பெர்ஹெந்தியான் வேண்டாம், தம்பி

திருநெல்வேலியிலிருந்து வந்து கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அக்கா, அப்பா அம்மாவை டிசம்பரில் பத்து நாளைக்குக் கூட்டி வர நினைக்கிறேன். பெர்ஹெந்தியான் தீவு, கேமரன் மலை, பினாங்கு மூன்றும் காட்ட வேண்டும். அந்த மாதம் சரிதானா? சிம் எது வாங்குவது, பணம் எங்கே மாற்றுவது?"

சிம்மும் பணமும் பெரிய விஷயமே இல்லை. பிரிக்பீல்ட்ஸிலோ மஸ்ஜித் இந்தியாவிலோ நாலு கடை ஏறி விசாரித்தால் அரை மணியில் முடிந்துவிடும். மாதத்தைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பெர்ஹெந்தியானை இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் நம் ஊரில் கொட்டுகிற அதே வடகிழக்குப் பருவமழைதான் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை இங்கே கிழக்குக் கரையைப் பிடிக்கிறது. காற்று தென்சீனக் கடலைத் தாண்டி ஈரத்தோடு வந்து கிளந்தான், திரெங்கானு, பகாங் மாநிலங்களில் இறக்கி வைக்கும். 2014 டிசம்பரில் அந்தப் பக்கம் வந்த வெள்ளத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் மூன்றிலும் பெரும்பாலான தங்கும் விடுதிகள் இந்த மாதங்களில் மூடிக் கிடக்கும். கோலா பெசுட் படகுத்துறையில் யாராவது ஒரு படகுக்காரர் "போகலாம்" என்று சொன்னாலும் வயதானவர்களை ஏற்றாதீர்கள். சின்ன விரைவுப் படகு, பெரிய அலை. முதுகுவலி உள்ளவர்களுக்கு அந்த அரை மணிப் பயணம் பெரும் தண்டனை. தீவுதான் வேண்டும் என்றால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வரச் சொல்லுங்கள். கடல் தெளிந்து, பவளப்பாறை மேலிருந்தே தெரியும்.

எனக்கு ஆதங்கம் இரண்டு பேர் மேல். "மலேசியாவுக்கு எந்த மாதமும் ஏற்றது" என்று டிசம்பர் பேக்கேஜ் விற்கிற ஊர் ஏஜென்டுகள் ஒரு பக்கம். இருபது வருஷம் இங்கே இருந்தும் கிழக்குக் கரைக்குப் போகும் காராக் நெடுஞ்சாலையைத் தாண்டிப் போகாமல், "எப்போ வந்தாலும் மழைதான், வரச் சொல்லு" என்று யோசனை சொல்கிற நம் ஆட்கள் இன்னொரு பக்கம். இந்த நாட்டுக்கென்று ஒரே சீசன் கிடையாது. முதலில் எந்தக் கரை என்று முடிவு செய்துவிட்டு அப்புறம் மாதத்தைப் பாருங்கள்.

டிசம்பரை மாற்றவே முடியாது என்றால் மேற்குக் கரையில் இருங்கள். தித்திவங்சா மலைத்தொடர் குறுக்கே நின்று பருவக்காற்றை மறைப்பதால் பினாங்கும் லங்காவியும் அப்போது தேறிவிடும். பினாங்கில் மழை அதிகம் செப்டம்பர், அக்டோபரில்தான். ஜனவரி, பிப்ரவரி அங்கே வறண்ட மாதங்கள். கேட்ட தீவுக்குப் பதில் லங்காவி போட்டுக்கொள்ளுங்கள். பினாங்குக் கொடிமலைக்குக் காலையிலேயே ஏறிவிடுங்கள். மதியத்துக்கு மேல் மேகம் மூடினால் மேலிருந்து ஒன்றும் தெரியாது. கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். என்கிற மின்சார விரைவு ரயிலில் நாலு மணி நேரம் சொச்சம், அங்கிருந்து தீவுக்குப் படகு. காரையே ஏற்றிக்கொண்டு போன அந்தப் பழைய பெரிய படகுகள் இப்போது இல்லை. மேல் தட்டில் காற்று வாங்கிக்கொண்டு பினாங்கின் நகரமான ஜார்ஜ் டவுன் நெருங்கி வருவதைப் பார்த்தவர்களுக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. இப்போது ஆட்களும் மோட்டார் சைக்கிளும் மட்டும் போகலாம்.

கோலாலம்பூரில் வெயில் ஏற ஏற மேகம் திரண்டு, மதியம் மூன்று மணிக்கு மேல் இடியோடு இறங்கும். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இது உச்சம். டிசம்பரிலும் முழுசாக விடாது. 2021 டிசம்பர் 18 அன்று பெய்த மழையில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா பகுதி மூழ்கியது. அதனால் வெளி வேலையெல்லாம் ஒரு மணிக்குள். பத்துமலைக்கு விடிந்ததும் போங்கள்; 272 படியும் நனைந்தால் வழுக்கும், கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் குரங்கு பிடுங்கும். இங்கே பழகிய வீடுகளில் துணியைக் கொடியில் விட்டுவிட்டு யாரும் மாலை வரை வெளியே சுற்றுவதில்லை. நீங்களும் ஒரு வருஷத்தில் அப்படி ஆகிவிடுவீர்கள், நல்லதுதான்.

கேமரன் மலை சுமார் 1,500 மீட்டர் உயரம், ஸ்வெட்டர் வேண்டும். தாப்பா வழியில் வளைவுகள் அதிகம், வாந்தி வரும். சிம்பாங் பூலாய் வழி அகலம். ஆனால் இரண்டிலும் மழைக்காலத்தில் மண்சரிவு உண்டு, ஆகவே பகலில் மட்டும் ஏறுங்கள். பள்ளி விடுமுறையில் சனி, ஞாயிறு போனால் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் நடுவே காரிலேயே பொழுது போய்விடும். திங்கள் முதல் வியாழன் வரை பாருங்கள்.

அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஆஸ்துமா இருந்தால் ஆகஸ்ட், செப்டம்பர் வேண்டாம். இந்தோனேசியாவின் சுமத்ராவில் காடும், மக்கிய தாவரம் நிறைந்த கரிநிலமும் எரியும் புகை தென்மேற்குக் காற்றில் இங்கே வரும். 2015, 2019 இரண்டிலும் பள்ளிகளையே மூடினார்கள். காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் அது கெட்ட காற்று, 200-ஐத் தாண்டினால் அவர்கள் வாசலைத் தாண்டக் கூடாது.

என்னைக் கேட்டால் தை மாதம். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்னதாக, இரவில் கோலாலம்பூர் துன் எச்.எஸ். லீ சாலை மகா மாரியம்மன் கோயிலிலிருந்து முருகனின் வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படும். முட்டி வலி உள்ளவர்கள் பத்துமலைப் படியே ஏறாமல் நகரத்திலேயே தரிசனம் பார்த்துவிடலாம். சீனப் பெருநாளும் ஏறத்தாழ அப்போதுதான் வரும். ரயில் டிக்கெட் முன்பே தீர்ந்துவிடும், சீனர் கடைகள் பல சில நாள் மூடியிருக்கும். இரண்டு தேதியையும் பார்த்துவிட்டு விமான டிக்கெட் போடுங்கள்.

இன்னொன்று. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். அதற்காக வெறுங்கையோடு வரக் கூடாது. வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் மின்னியல் வருகை அட்டையை ஆளுக்கு ஒன்றாக நிரப்ப வேண்டும்; அது இலவசம், காசு கேட்கும் தளம் போலி. திரும்பிப் போகும் டிக்கெட்டையும் உங்கள் வீட்டு முகவரியையும் தாளில் அச்சடித்து அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். கவுண்டரில் கேட்கும்போது போனைத் தேடித் தடுமாற வேண்டாம்.