3,35,50,336 என்னும் எண்: கேள்வியும் பதிலும்

கேள்வி: இவ்வெண்ணை நிறைவெண் என்று ஏன் வகைப்படுத்துகிறார்கள்?

பதில்: தன்னைத் தவிர்த்த தன் காரணிகள் அனைத்தையும் கூட்டினால் அதே எண் மீண்டும் கிடைக்குமாயின் அது நிறைவெண், 6, 28, 496, 8128 ஆகியவற்றுக்கு அடுத்து ஐந்தாவதாக வருவது இது. 2-இன் 12-ஆம் அடுக்காகிய 4096-ஐ 8191 என்ற பகா எண்ணால் பெருக்கினால் இது கிடைக்கிறது. 4096-இன் காரணிகளைக் கூட்டினால் 8191, 8191-இன் காரணிகளைக் கூட்டினால் 8192. இவ்விரண்டையும் பெருக்கக் கிடைக்கும் 6,71,00,672 நம் எண்ணின் எல்லாக் காரணிகளின் கூட்டுத்தொகை, அதாவது அதன் சரியான இருமடங்கு.

கேள்வி: 8191 பகா எண் என்பதைக் கணினியின்றி உறுதிசெய்ய முடியுமா?

பதில்: இரண்டே வகுத்தல்கள் போதும். அதன் வர்க்கமூலம் 91-ஐ விடக் குறைவு என்பதால் 89 வரையுள்ள 24 பகா எண்களையும் சோதிக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் 2-இன் 13-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்துப் பெற்ற எண்ணாதலால், அதன் பகாக் காரணி எதுவாயினும் 26-ஆல் வகுக்கும்போது மீதி 1 தந்தாக வேண்டும். அவ்வரம்புக்குள் அத்தகைய பகா எண்கள் 53, 79 மட்டுமே. அவற்றால் வகுக்கையில் முறையே 29, 54 மீதியாகின்றன.

கேள்வி: நான்கு இலக்க 8128-க்குப் பின் எட்டு இலக்கத்துக்குத் தாவியது ஏன்?

பதில்: 8191 போல, 2-இன் ஓர் அடுக்கில் ஒன்று குறைந்த எண் பகா எண்ணாக இருந்தால்தான் அதிலிருந்து இவ்வாறு ஒரு நிறைவெண் கிடைக்கும். 8128-ஐத் தந்த 127-க்கும் 8191-க்கும் இடையில் வரவேண்டிய 2047 (2-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு) 23 × 89 எனப் பிரிந்துவிடுகிறது. ஒவ்வோர் இலக்க எண்ணிக்கைக்கும் ஒரு நிறைவெண் உண்டென்றும், அவை 6, 8 என மாறி மாறி முடியுமென்றும் பண்டைய கிரேக்கரான நிக்கோமாக்கஸ் கருதினார். முதற்கருத்தை நம் எண் முறித்தது. ஆறாவது நிறைவெண்ணான 8,58,98,69,056-உம் 6-இலேயே முடிவதால் இரண்டாவதும் வீழ்ந்தது.

கேள்வி: இலக்கங்களைக் கூட்டினால் 28 வருகிறதே, அதுவும் நிறைவெண் அல்லவா?

பதில்: தற்செயல்தான், ஆயினும் முழுத் தற்செயல் அன்று. 6 தவிர்த்த இரட்டை நிறைவெண் ஒவ்வொன்றும் 9-ஆல் வகுக்கும்போது மீதி 1 தரும். ஆகவே இலக்கக் கூட்டுத்தொகை 10, 19, 28, 37 என்ற வரிசையில்தான் விழ முடியும். பத்தடிமான இலக்கங்களில் இதற்குமேல் பொருள் தேடுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். இரும முறையில் எழுதிப் பாருங்கள்: 13 ஒன்றுகள், தொடர்ந்து 12 பூச்சியங்கள். எண்ணின் அமைப்பு அங்கே வெளிப்படையாகத் தெரிகிறது.

கேள்வி: வேறு எவ்வகைகளில் இது அடங்கும்?

பதில்: 1 முதல் 8191 வரையுள்ள எண்களின் கூட்டுத்தொகை என்பதால் முக்கோண எண். 1 முதல் 127 வரையுள்ள 64 ஒற்றை எண்களின் கனங்களைக் கூட்டினாலும் இதுவே வரும்.

கேள்வி: வர்க்க எண்களின் கூட்டலாக எழுத இயலுமா?

பதில்: மூன்று வர்க்கங்களால் இயலாது. 4-ஆல் மீதியின்றி வகுபடும்வரை வகுத்தால் எஞ்சும் 8191, 8-ஆல் வகுக்கையில் மீதி 7 தருகிறது. அத்தகைய எண்களுக்கு நான்கு வர்க்கங்கள் கட்டாயம் என்பது லெஜாந்தரின் தேற்றம்.