அநியாயமான சட்டம் சட்டமே இல்லை என்றாரா தாமஸ் அக்குவினாஸ்?

கிட்டத்தட்ட ஆம். ஆனால் அதைப் புரிந்துகொள்ள, சட்டம் என்றால் அவருக்கு என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். 13ஆம் நூற்றாண்டு இத்தாலிய கிறிஸ்தவ இறையியலாளரான அக்குவினாஸ், ‘சும்மா தியோலாஜியே’ (இறையியல் தொகுப்பு) நூலில் அதற்கு நான்கு அடையாளங்கள் சொல்கிறார்: அது அறிவிலிருந்து பிறந்த கட்டளை, பொது நன்மைக்கானது, சமூகத்தைக் காக்கும் பொறுப்புள்ளவர் இயற்றியது, மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. ஆள்பவரின் விருப்பம் மட்டும் போதாது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அப்புறம் வகைகள். பிரபஞ்சத்தை நடத்தும் கடவுளின் அறிவு நித்திய சட்டம். அதில் மனிதன் தன் பகுத்தறிவால் பங்குகொள்வது இயற்கைச் சட்டம். நன்மையைச் செய், தீமையை விலக்கு என்பது அதன் முதல் விதி. விவிலியத்தின் வழி வெளிப்பட்டது இறைச் சட்டம்.

மனிதச் சட்டம் இயற்கைச் சட்டத்திலிருந்து இரண்டு வழிகளில் வருகிறது. கொலை கூடாது என்பது, யாருக்கும் தீங்கு செய்யாதே என்பதிலிருந்து நேராக வரும் முடிவு. இன்னொரு வழி: குற்றவாளிக்குத் தண்டனை வேண்டும் என்பது இயற்கைச் சட்டம். எவ்வளவு தண்டனை என்பதை நாம் தீர்மானிக்கிறோம். வீட்டுக்குப் பொதுவான வடிவம் ஒன்றுதான், கட்டுபவர் தன் வீட்டுக்கு ஏற்ப அதை அமைப்பதுபோல என்கிறார்.

சரி, மனிதச் சட்டம் இயற்கைச் சட்டத்தை மீறினால்? அது சட்டத்தின் சிதைவு. பொது நன்மையை மறந்த கட்டளை வன்முறைக்கு நெருக்கமானது. அது மனசாட்சியைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எல்லா அநியாயச் சட்டத்தையும் உடனே மீறச் சொல்லவில்லை. பெருங்குழப்பம் வருமென்றால் சில நேரம் பொறுத்துப்போகலாம். கடவுளின் கட்டளைக்கு எதிரானதை மட்டும் ஒருபோதும் பின்பற்றக் கூடாது. 1963இல் அமெரிக்காவின் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில், இனப்பாகுபாட்டுச் சட்டங்களுக்கு எதிராக மார்ட்டின் லூதர் கிங் இவரையும் துணைக்கு அழைத்தார்.